முறுக்கு எண்ணெய்

பொண்டாட்டியைக் கேக்காம ஒரு காரியமாவது சொந்தமாச் செஞ்சு காட்டணும்னு எனக்கு ரொம்ப நாளா வைராக்கியம். அதுக்கு நேரம் வந்தது தெரு வாறுகால் வழியா, அதான் சாக்கடை வழியா.

சிவகாசியில நமக்குச் சின்னதா ஒரு காலண்டர் பிரஸ். மிஷின் கழுவுற சாயத் தண்ணி பஞ்சுமிட்டாய் கலர்ல வாறுகால்ல ஓடுதுன்னு தெருக்காரங்க மனு கொடுத்துட்டாங்க. திங்கக்கிழமை ஆபீசர் வர்றாரு. தண்ணி தெளியலைன்னா பிரஸ்ஸுக்குப் பூட்டு. சீசன் ஆர்டர் பூராவும் அடுத்தவன் கைக்குப் போயிரும்.

கற்பகவல்லி, அதான் என் வீட்டம்மா, தண்ணி விஷயமா ஒண்ணு சொல்லட்டுமான்னு கேட்டா. வேண்டாம்னு பேப்பரைத் தூக்கி முகத்தை மறைச்சுக்கிட்டேன்.

மறுநாளே பக்கத்து பிரஸ் காளிராஜ் காதோட ஒரு வழி சொன்னான். சமையல் எண்ணெயை ஊத்திக் கலக்கி விட்டா, அது மேல மிதக்கும்போது சாயத்தையும் இழுத்துட்டு வந்துருமாம். "தங்கச்சிக்கு மட்டும் தெரிய வேண்டாம் மாப்ள"ன்னான். அவன்ல நண்பன்.

ஞாயித்துக்கிழமை அவ கோயிலுக்குப் போன நேரம், தீபாவளி முறுக்குக்கு வாங்கின கடலை எண்ணெய் டின்னைத் தூக்கிட்டேன். பிரஸ்ல சாயத் தண்ணி நிக்கிற தொட்டியில ஊத்தும்போது புரோட்டா வாசம் வந்துச்சு. பசியில அப்படித்தான் தெரியும்னு விட்டுட்டேன்.

காலையில சாயம் எண்ணெயோட மேல நிக்குது. அடியில தண்ணி தெளிஞ்சிருந்துச்சு. ஆபீசர் பாட்டில்ல பிடிச்சுப் பாத்துட்டுத் தலையாட்டினாரு. மேல நிக்கிற எண்ணெயை வாறுகால்ல விடாம தனியா வழிச்சு வைக்கச் சொன்னாரு. போறப்ப, பக்கத்துல புரோட்டாக் கடை இருக்கான்னும் கேட்டாரு.

நெஞ்சை நிமித்திக்கிட்டு வீட்டுக்கு வந்தா, சட்டியில முறுக்கு வேகுது. டின்னு எண்ணெயைத்தான் நான் தொட்டியில ஊத்திட்டேனே.

"ஏது எண்ணெய்?"

"வாங்கினதுதான். அரிசி டிரம்முக்குப் பின்னால வச்சிருந்தேன்."

"அப்ப டின்னுல இருந்தது?"

"விருதுநகர்ல என் தம்பி கடையில புரோட்டா பொரிச்சு மிஞ்சுன எண்ணெய். நீங்க நல்ல டின்னைப் பாத்துத்தான் தூக்குவீகன்னு மாத்தி ஊத்தி வச்சேன்."

"நான் தூக்குவேன்னு காளிராஜ் சொன்னானா?"

"அண்ணன் எங்க சொன்னாரு? எண்ணெய் ஊத்துற யோசனையையே நான்தான் அவர்கிட்டச் சொல்லி விட்டேன். நான் சொன்னா நீங்க கேக்க மாட்டீகள்ல."

சூடா ரெண்டு முறுக்கைத் தட்டுல வச்சு என் பக்கம் தள்ளினா. வீட்டுக்கு வெள்ளையடிக்கிற விஷயமா நாளைக்குக் காளிராஜ் அண்ணன் உங்ககிட்ட ஒரு யோசனை சொல்லுவாருன்னா.