யார் எழுதியது என்று சொல்லமாட்டேன், அத்தான்

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நாங்கள் நலம். அங்கே உங்கள் ரத்த அழுத்தமும் அக்காவின் முழங்கால் வலியும் அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கோபித்துக்கொண்டு போனதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நீங்கள் அலுவலக ஜீப்பைச் சொந்த வேலைக்கு எடுக்கிறீர்கள் என்று எங்கள் புகார்ப் பிரிவுக்குக் கடிதம் வந்தது உண்மை, உறையைப் பிரித்தவன் நான் என்பதும் உண்மை. படித்ததும் நேரே மேலாளர் அம்மாவிடம் ஓடி, "மேடம், இவர் என் சொந்த அத்தான். இந்த ஃபைல் என்கிட்ட இருக்கக் கூடாது" என்றேன். அவர் அதை வாங்கிப் பூட்டிவிட்டு, "படிச்சது படிச்சதுதான். எழுதினவங்க பேரு வெளிய போச்சுன்னா உங்க வேலையும் போயிடும்" என்றார். அன்றிலிருந்து வாயைத் திறக்கவே பயம். "குழம்புல உப்பு போதுமாங்க?" என்று மனைவி கேட்டால்கூட, "அதைப் பத்தி நான் எதுவும் சொல்லக் கூடாது" என்கிறேன். மூன்று நாளாக அவளும் என்னிடம் பேசுவதில்லை.

இந்த லட்சணத்தில் நீங்கள் சந்தேகப் பட்டியலோடு வந்து உட்கார்ந்தீர்கள். "பேரைச் சொல்ல வேணாம்டா. சரியான ஆளு வந்தா கண்ணை மட்டும் சிமிட்டு" என்றீர்கள். பதினேழு பெயர்களுக்கும் நான் சிமிட்டாமலே உட்கார்ந்திருந்ததில் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிவிட்டது. உடனே, "அழுறான் பாரு! அப்ப டிரைவர்தான்!" என்று எழுந்து போனவர், மறுநாள் அந்த ஓட்டுநரை எல்லார் முன்னாலும் கிழித்துத் தொங்கவிட்டீர்களாம். பாவம் அந்த மனிதர், வேலையே வேண்டாம் என்று வீட்டில் படுத்துவிட்டாராம். அவர் எழுதவில்லை, அத்தான். உங்கள் பட்டியலில் இருந்த மாடி வீட்டுக்காரரும் எழுதவில்லை. உங்கள் அலுவலகத்திலேயே ஒருவரும் எழுதவில்லை. இதற்கு மேல் என் தலையே போனாலும் சொல்லமாட்டேன். முதலில் ஓட்டுநர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேளுங்கள். நடந்தே போங்கள்.

உங்கள் பதவி உயர்வு தடங்கலின்றி வரவும், விசாரணையில் உள்ளதைச் சொல்லும் தைரியம் உங்களுக்குக் கிடைக்கவும் வேண்டிக்கொள்ளும்,

வாயைப் பூட்டிய மைத்துனன்

பின்குறிப்பு: அக்காவின் புகாருக்கான ஒப்புகைச் சீட்டை இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். தனித் தபாலில் வந்தால் உங்கள் கையில் சிக்கிவிடும் என்று அவள் பயந்தாள். தயவுசெய்து பிரிக்காமல் அவளிடம் கொடுத்துவிடுங்கள். ரகசியம்.