பத்மநாதருக்கு முதுகு நோகவில்லை

அறுபத்தேழு வயது முடிவதற்குள் தன் முதுகுக்கு ஒரு நல்ல ஏற்பாடு செய்துவிடுவது என்று பத்மநாதர் தீர்மானித்தார். வேறு ஆட்கள் ஓய்வுபெறும்போது ஊரில் காணி, கொழும்பில் வீடு என்று யோசிப்பார்கள். அவருக்கு அந்த ஆசைகள் இல்லை. இத்தாலியின் பலெர்மோ நகரத்துக்கு வந்த பிறகு அவர் கட்டிக் காத்து வந்த ஒரே சொத்து அவருடைய முதுகுதான்.

அந்தச் சொத்து வந்து சேர்ந்த கதை சிறியது. பக்கத்து மொண்டெல்லோவில் ஒரு சிஞோரா அம்மாவின் தோட்டத்தில் வேலை செய்த காலத்தில், எலுமிச்சை மரத்தில் சாத்தியிருந்த ஏணியிலிருந்து ஒருநாள் வழுக்கி விழுந்தார். முதுகில் வந்த நோ உண்மையான நோ. ஒரு கிழமை கட்டிலை விட்டு எழும்பவில்லை. மனைவி இந்திராதேவி எண்ணெய் காய்ச்சிப் பூசினாள். சந்தைப் பைகளைத் தானே தூக்கினாள். கிழமை முடிய நோ போய்விட்டது. எண்ணெயும் சலுகைகளும் நல்லாயிருந்தபடியால் பத்மநாதர் அந்தச் செய்தியை வெளியில் விடவில்லை. யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். ஒருவரும் கேட்கவில்லை.

அன்று தொடக்கம் அந்த வீட்டில் பாரம் தூக்குவது இந்திராதேவியின் வேலையாகிவிட்டது. வீடு ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடத்தில், நாலாம் மாடியில். லிஃப்ட் கிடையாது. குடிக்கிற தண்ணீரை ஆறு போத்தல் கட்டாகக் கீழேயிருந்து தூக்கிக்கொண்டு வர வேண்டும். அவள் தூக்கிக்கொண்டு ஏறும்போது அவர் வாசலில் நின்று, "கவனம், படி வழுக்கும்" என்று எச்சரிப்பார். அதையும் ஒரு உதவியாகத்தான் அவர் நினைத்திருந்தார்.

மலைக்கும் அப்படித்தான். மலை மேல் குகைக்குள் இருக்கிற நகரத்துக் காவல் புனிதை சாந்தா றொசாலியாவிடம், கோயிலுக்குப் போகிற தமிழரும் தேவாலயத்துக்குப் போகிற தமிழரும் ஒன்றாகவே நடந்து ஏறுவார்கள். இத்தாலியில் தங்கியிருக்கிற அனுமதியான பெர்மெஸ்ஸோ கிடைத்தால் மாதத்தில் ஒரு ஞாயிறு வீட்டிலிருந்து ஒருவர் நடந்தே வருவார் என்று இந்திராதேவி அந்தக் காலத்தில் நேர்த்தி வைத்தாள். பெர்மெஸ்ஸோ கிடைத்தது. அன்றிலிருந்து நடப்பது அவள். பத்மநாதர் ஒரு தலையணையோடு பஸ்ஸில் போய், எல்லாருக்கும் முந்தி மேலே இறங்கி, அவள் கொண்டுவரும் கட்டுச்சோற்றுக்காக நிழலில் காத்திருப்பார்.

இப்போது ஓய்வு கிட்ட வந்துவிட்டது. அதோடு காப்புறுதிப் பேச்சும் வந்தது. இத்தாலியில் அரசாங்க வைத்தியம் எல்லாருக்கும் உண்டு. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, வரிசைதான் நீளம். ஆவணியில் போய்க் கேட்டால் பங்குனியில் ஒரு திகதி தருவார்கள். அதனால் வயது போகிறவர்கள் அரசாங்கத்துக்கு மேலால் தனியாக ஒரு காப்புறுதி எடுப்பது வழக்கமாகியிருந்தது. தமிழ்க் கடை வாசலில் அதற்கு மேல்காப்புறுதி என்று பெயரும் வைத்துவிட்டார்கள். நான்கு பேர் நின்றால் ஒருவர் பல்லைப் பற்றியும் மற்றவர் இருதயத்தைப் பற்றியும் கதைத்தார்கள். அறுபத்தேழு முடிந்தால் புதிதாகச் சேர முடியாது. பத்மநாதர் வீட்டு வருமானத்துக்கு ஒருவருக்குத்தான் எடுக்கலாம். யாருக்கு என்பதுதான் கேள்வி.

இந்திராதேவிக்கு அவரை விட மூன்று வயது குறைவு. கண்ணில் புகை படர்ந்திருந்தது. துப்புரவு வேலைக்குப் போகிற வீட்டில் யன்னல் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, அழுக்குப் போய்விட்டதா என்று விரலால் தடவிப் பார்க்கிற நிலைக்கு வந்துவிட்டாள். முழங்காலும் சரியில்லை. ஒருக்கா எல்லாவற்றையும் காட்ட வேண்டும் என்று அவள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்.

"முதல் என்ர முதுகைப் பாப்பம். உம்மட கண் எங்கை ஓடப்போகுது?" என்றார் பத்மநாதர்.

அவருடைய மனதில் ஏற்கெனவே ஒரு படம் விழுந்திருந்தது. காப்புறுதிக்காரப் பிள்ளை சாம்பவி கொடுத்த விளம்பரத் தாளில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் கழுத்துவரை சூடான சேற்றுக்குள் படுத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். முதுகு வருத்தக்காரருக்கு வெந்நீர் ஊற்றிலே குளிப்பு, சேற்றுப் பூச்சு, உருவிவிட ஆள், தங்க அறை. எல்லாம் காப்புறுதிக் கணக்கில். இத்தனை வருசம் முதுகுக்காகப் பட்ட பாடு வீண் போகவில்லை என்று அவர் நெகிழ்ந்து போனார். பாடுபட்டது யார் என்று அவர் ஆராயவில்லை.

சாம்பவி பலெர்மோவிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. ஒரு காப்புறுதி முகவரிடம் வேலை செய்தாள். தை மாதத்து ஞாயிறு பின்னேரம் ஸ்கூட்டரில் வந்து, மேசையில் படிவத்தை விரித்து, கேள்விகளை ஒவ்வொன்றாக வாசித்தாள். சீனி வருத்தம் இல்லை, பிறசர் இல்லை, இருதயம் சுகம் என்று பத்மநாதர் பெருமையோடு சொல்லிக்கொண்டு வந்தார்.

"முதுகு, முள்ளந்தண்டிலை ஏதும்?"

இந்தக் கேள்விக்காகத்தான் அவர் காத்திருந்தார். நீண்ட பெருமூச்சு ஒன்றை எடுத்து, இடுப்பில் கையை வைத்தார். அதற்குள் சாம்பவி தலையை நிமிர்த்தினாள்.

"அங்கிள், ஒண்டு சொல்லோணும். முந்தியே இருக்கிற வருத்தத்தை இதிலை எழுதினால், அந்த வருத்தத்துக்கு ஒண்டும் தரமாட்டினம். எழுதாமல் விட்டுப் பிறகு கண்டுபிடிச்சால் முழுக்க வெட்டிப்போடுவினம்."

இடுப்பில் வைத்த கை அங்கேயே நின்றது. "அப்ப புதுசா ஒரு நோ வந்தால்?"

"புதுசா வந்தால் தருவினம். ஆனால் முதல் ஆறு மாசத்துக்குள்ளை வரக்கூடாது."

பத்மநாதர் யோசித்தார். அவர் வேகமாக யோசிப்பது அபூர்வம். அன்றைக்கு யோசித்தார். நோகுது என்று சொன்னால் சேறு இல்லை. நோகவில்லை என்று சொன்னால் ஆறு மாதத்துக்குப் பிறகு சேறு உண்டு. வருசக்கணக்காக நொந்த முதுகு ஆறு மாதம் நோகாமல் இருந்தால் என்ன குடியா முழுகிப்போகும்? கை மெல்ல இடுப்பை விட்டு இறங்கியது.

"என்ர முதுகு இரும்பு, பிள்ளை" என்றார்.

குசினியில் தேத்தண்ணி கலக்கிக்கொண்டிருந்த கரண்டிச் சத்தம் நின்றது. இந்திராதேவி வாசலுக்கு வந்தாள். அவள் முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. உங்களுக்கு முதுகு நோகிறேல்லையோ?"

"இல்லை."

"ஒருநாளும்?"

"ஒருநாளும் நொந்ததில்லை. என்ன கேள்வி இது?"

"கேட்டு வைக்கிறது நல்லதுதானே. சாம்பவி, நீயும் கேட்டனி தானே பிள்ளை?"

"ஓம் அன்ரி."

"சரி. அப்ப கையெழுத்தைப் போடுங்கோ."

போட்டார். அடையாள அட்டைப் பிரதிகளையும் சேர்த்து நாளைக்கு அலுவலகத்தில் கொடுக்க வேண்டும் என்று சாம்பவி சொன்னாள். வங்கி, தபால், குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோர் என்று அலைகிற வேலையெல்லாம் எப்போதும் இந்திராதேவியின் பொறுப்பு. அவள் படிவத்தை வாங்கி மடித்து, தன் கைப்பைக்குள் வைத்தாள். பத்மநாதர் சேற்றுக்குள் படுப்பது எப்படி என்று கதிரையிலேயே சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி முடிஞ்சுது" என்றாள் இந்திராதேவி.

"எனக்கு முது…"

"சாம்பவி இன்னும் கீழை தான் நிக்கிறாள். ஹெல்மெற் போடுறாள்."

பத்மநாதர் எழும்பிப் போனார். ஆறு போத்தல் தண்ணீர் இவ்வளவு பாரம் என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. இரண்டாம் மாடியில் ஒருக்கா, மூன்றாம் மாடியில் ஒருக்கா இறக்கி வைத்தார். வாசலில் இந்திராதேவி நின்றாள். "கவனம், படி வழுக்கும்" என்றாள்.

அதற்குப் பிறகு நாட்கள் ஒரே சீராகப் போயின. சந்தைப் பை, அரிசிச் சாக்கு, காஸ் சிலிண்டர் எல்லாம் அவர் தோளுக்கு வந்தன. மாசியில் சுரேஸ் வந்தான். சியாகுல்லித் தோட்டத்தில் மன்டரின் தோடம்பழம் பறிக்கிற பெடியன். வருசா வருசம் ஒரு பெட்டி மன்டரினை நாலாம் மாடிவரை தானே சுமந்து வந்து வைப்பான். இந்த முறை அவன் பெட்டியைத் தோளில் ஏற்றியபோது இந்திராதேவி பல்கனியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"தம்பி, நீங்கள் ஏன் தூக்கிறியள்? அண்ணைக்கு முதுகு நோகிறேல்லை எண்டு கையெழுத்தே வைச்சிருக்கிறார். இந்தா, இறங்கி வாறார்."

நாலு வீட்டு யன்னல் திறந்திருந்தது. சுரேஸ், எப்ப அண்ணை சுகம் வந்தது என்று ஆச்சரியத்தோடு கேட்டான். வந்திட்டுது தம்பி என்று பத்மநாதர் பெட்டியை வாங்கிக்கொண்டார்.

மலைப் பயணம்தான் ஆகக் கொடுமை. முழங்கால் நோகுது, நேர்த்திக்கு வீட்டிலிருந்து ஒருவர் நடந்தால் போதும் என்று சொல்லி, இந்திராதேவி தலையணையை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிட்டாள். சாம்பவியும் அந்த ஞாயிறுகளில் மலை ஏறுகிற பிள்ளை. அவளுக்கு முன்னால் பத்மநாதர் நிமிர்ந்து நடக்க வேண்டியிருந்தது. கட்டுச்சோறும் அவர் தோளில். மேலே போய்ச் சேரும்போது இந்திராதேவி நிழலில் இருந்து விசிறிக்கொண்டிருப்பாள். அவள் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்தால் சாந்தா றொசாலியாவே நேரில் வந்து ஏதோ சொல்லிவிட்டுப் போனது மாதிரி இருக்கும்.

முதல் மலைப் பயணம் முடிந்து வந்த கையோடு, அந்த ஏணிக்குப் பிறகு முதன்முறையாக, அவருக்கு முதுகு உண்மையிலேயே நொந்தது. கள்ளனைத் தேள் கொட்டிய கதைதான், வாய் திறக்க முடியவில்லை. குளியலறைக் கதவைப் பூட்டிவிட்டு, எட்டாத இடத்துக்கு எண்ணெய் போட எட்டி எட்டிப் பார்த்தார். என்ன செய்யிறியள் என்று வெளியிலிருந்து குரல் வந்தது. ஒண்டுமில்லை, சும்மா நிக்கிறன் என்றார்.

சித்திரையில் பிறந்தநாள் வந்தது. அறுபத்தேழு முடிந்து, வேலையும் முடிந்தது. நல்லகாலம், அதற்கு முந்தியே காப்புறுதியை முடித்துவிட்டோம் என்று கடை வாசலில் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். இதற்கிடையில் அவருடைய தொந்தி வற்றிவிட்டது. காற்சட்டைக்கு பெல்ற் தேவைப்பட்டது. எந்த டொக்டர் என்று ஆட்கள் விசாரித்தார்கள். பத்மநாதர் பாராட்டைக் கவனிக்கவில்லை, கலண்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆடி பிறந்தது, ஆறு மாதமும் முடிந்தது. மறுநாள் காலை அவர் படிக்கட்டில் இறங்கும்போது, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி "ஐயோ" என்று கத்திக்கொண்டு இரண்டாம் படியில் இருந்துவிட்டார். வெறும் கையோடு இறங்கிய மனிதர். பக்கத்து வீட்டுக்காரர் இருவர் தாங்கிப் பிடித்து மேலே கொண்டுவந்து விட்டார்கள். கதிரையில் சாய்ந்த உடனேயே கைத்தொலைபேசியை எடுத்தார். குரலில் வேதனையைத் தேவையான அளவு கலந்துகொண்டார்.

"சாம்பவி, எனக்குப் புதுசா ஒரு நோ வந்திருக்குப் பிள்ளை. முதுகிலை. அந்தச் சேத்துக் குளிப்புக்கு எப்ப போகலாம்?"

மறுபக்கத்தில் சாம்பவி கணினியில் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது.

"அங்கிள், உங்கட பேரிலை ஒண்டும் இல்லையே. அது அன்ரியின்ர பேரிலை எல்லோ எடுத்தது. அடுத்த நாளே வந்து மாத்தினவா. அன்ரி சொல்லேல்லையோ?"

பத்மநாதர் தொலைபேசியை மடியில் வைத்தார். பல்கனியில், வழக்கமாக அவர் இருக்கிற கதிரையில், இந்திராதேவி காலை நீட்டிக்கொண்டு இருந்தாள்.

"நீர் என்ன செய்தனீர்?"

"ஒரு வருத்தமும் இல்லாத மனுசனுக்கு அது ஏன் எண்டு யோசிச்சன்" என்றாள் அவள், திரும்பாமலே. "பொய் எழுதி எடுத்தால் ஒருநாளைக்கு வெட்டிப்போடுவினம். கட்டினதும் வீண். அதாலை உள்ளதைச் சொல்லி என்ர பேரிலை எடுத்தன். வாற கிழமை கண்ணைக் காட்டப்போறன். புகை படர்ந்திருக்கு எண்டு ஒளிக்காமல் எழுதினனான். அதனாலை அதுக்குத் தரமாட்டினம், வேறை என்ன இருக்கெண்டு பாப்பினம். முழங்காலுக்கும் தரமாட்டினம், அதையும் எழுதிப்போட்டன்."

"அப்ப கண்ணுக்கும் இல்லை, முழங்காலுக்கும் இல்லை. என்னத்துக்கு எடுத்தனீர்?"

"பல்லுக்கு இருக்கு, இருதயத்துக்கு இருக்கு. இனிமேல் வாற எல்லாத்துக்கும் இருக்கு. புகைக்கு அரசாங்கத்திலை திகதி தந்திட்டினம், பங்குனியிலை." அவள் இப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். "முழங்காலைப் பற்றி நான் கவலைப்படேல்லை. அதுக்கு நீங்கள் இருக்கிறியள்."

அவருக்குக் கோபம் வந்தது. வந்த கோபம் எந்தப் பக்கமும் போக வழி தெரியாமல் நின்றது. முதுகு நோகுது என்று கத்தினால், நொந்ததில்லை என்று சொன்ன வாய் தன்னுடையது. நோகவில்லை என்றால், இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்து விட்டார்களே என்ற கேள்வி வரும். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"தண்ணி முடிஞ்சுது" என்றாள் இந்திராதேவி.

பத்மநாதர் எழும்பி, பெல்ற்றை ஒரு ஓட்டை இறுக்கிக்கொண்டு, ஒரு கட்டா, இரண்டு கட்டா என்று மட்டும் கேட்டார்.