மருவொழித்த பெருமான் காளானுக்கு ஒப்பனை செய்த படலம்

இங்கே நான் எழுதப்போவதில் ஓர் எழுத்துக்கூடப் பொய்யில்லை. பொய்யென்றால் எனக்கு மிஞ்சியிருக்கும் இரண்டு பற்களும் இன்றே விழட்டும். அதில் ஒன்று ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கிறது என்பது வேறு விஷயம்.

வாழ்க, மருவொழித்த பெருமான்! கடைத்தெருவின் கோடியில் உள்ள போட்டோ ஸ்டூடியோவில், வெண்திரை முதுகுப்புறம் விரிய, ஒளிக்குடைகள் இருமருங்கும் கவிய, சுழல்நாற்காலிச் சிம்மாசனத்தில் இருபத்தாறு ஆண்டுகள் வீற்றிருந்து, பருக்குலத்தைக் கருவறுத்து, கருவளையக் கோட்டைகளைத் தகர்த்து, இரட்டைத் தாடைகளை ஒற்றைத் தாடைகளாக்கி, வழுக்கையெனும் பாலையில் முடிப்பயிர் வளர்த்துக் குடிகாத்த கோமான் வாழ்க! சொந்த மச்சினனான லிப்ட் மெக்கானிக்கின் பாஸ்போர்ட் படத்தை அவர் திருத்திய திருத்தத்தில், அலுவலகத்தார், "படத்துல இருக்கறவர நேர்ல வரச் சொல்லுங்க" என்று அந்த மச்சினனிடமே சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். கலைக்கு இதைவிட உயர்ந்த சான்றிதழ் எந்த அரசும் இதுவரை வழங்கியதில்லை.

இப்பேர்ப்பட்டவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழை விட்ட காலை எட்டரை மணிக்கு, ஸ்டூடியோவின் பின்பக்கத்து மரத்தடியில் மூன்று காளான்கள் காட்சி கொடுத்தன. பழுப்புக் குடை, குடைமேல் வெள்ளை வெள்ளையாய் மருக்கள், கழுத்தில் ஒரு தொங்கு வளையம், அடியில் கிழிந்த உறை, கிண்ணம்போல. மூன்றையும் மண்ணோடு பெயர்த்து ஸ்டூடியோவுக்குள் எடுத்துப் போய், மணப்பெண்ணுக்குப் போடும் விளக்குகளை அவற்றுக்குப் போட்டு, மேலே, கீழே, பக்கவாட்டில், வேரடியில் என நான்கு படங்கள் எடுத்தார். பிறகு காளான்களை வடிகூடையில் இட்டு, ஸ்டூடியோவை ஒட்டிய வீட்டில் இல்லாளிடம் நீட்டி, மதியத்துக்கு இதுதான் என்று ஆணையிட்டார்.

"இது திங்கற காளான்னு யாரு சொன்னா?" என்றார் அம்மையார்.

"போட்டோ பாத்தே சொல்ற ஆளுங்க இருக்காங்க. குரூப்ல போட்டுக் கேக்கறேன்."

"நல்லா கேளுங்க" என்று சொல்லிவிட்டு, வடிகூடையோடு அம்மையார் உள்ளே போனார்.

ஊர்க்காரர்களின் அந்த வாட்ஸ்அப் குரூப்போ நானூறு போர்வீரர் கொண்ட பெரும்படை. அவர்களில் முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர் காளானைத் தட்டில் மட்டுமே கண்டவர்கள். மிச்சமுள்ள ஒருவர் தாவரவியல் டீச்சர். செடியோ காளானோ, எதைக் கேட்டாலும் நான்கு கோணத்திலும் படம் வேண்டும், அடிப்பாகம் தெரிய வேண்டும் என்பது அவர் விதித்த சட்டம். நம் பெருமான் அச்சட்டத்தை அணுவளவும் மீறவில்லை. அனுப்புவதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை செய்தார், அவ்வளவுதான். செய்தார் என்றுகூடச் சொல்லக்கூடாது. இருபத்தாறு ஆண்டுப் பழக்கத்தில் கை தானாகவே செய்தது. மதம் பிடித்த யானை கரும்புத் தோட்டத்தில் புகுந்ததென அவர் மவுஸ் படத்துக்குள் புகுந்து, குடைமேல் இருந்த மருக்களை ஒன்று விடாமல் மாய்த்தது. கழுத்து வளையத்தைத் தாடைத் தொங்கல் என்று கருதிச் சீவி எறிந்தது. அடியில் கிழிந்த உறையைக் கிழிந்த சட்டைக் காலர் என்று கருதி மறைத்தது. வெளுத்துக் கிடந்த அடிமடிப்புகளைப் பார்த்து இரக்கம் கொண்டு, கன்னங்களுக்குப் பூசும் இளஞ்சிவப்பை அவற்றுக்கும் பூசியது. வேலை முடிந்தபோது அந்தக் காளானை அதைப் பெற்ற மண்ணே அடையாளம் கண்டிருக்காது.

படங்கள் குரூப்பில் இறங்கின. கட்டைவிரல்கள் மாரியெனப் பொழிந்தன. 'சூப்பர் சார்' என்று ஒருவர், 'நாங்க வாராவாரம் இதத்தான் சாப்பிடறோம்' என்று இன்னொருவர். டீச்சர் மட்டும் நிதானமாக எழுதினார்: "சாப்பிடற காளான் மாதிரிதான் தெரியுது. ஆனா படத்த வச்சு 'சாப்பிடாதீங்க'ன்னு சொல்லலாம், 'சாப்பிடுங்க'ன்னு சொல்ல முடியாது." வெற்றிக்களிப்பில் இருந்த வேந்தர் முதல் வரியோடு நிறுத்திக்கொண்டார். வேந்தர்களுக்கு அதுவே வழக்கம்.

நண்பகலில் மச்சினன் வந்து சேர்ந்தார். பசியோடு வந்தவர் நேரே சாப்பாட்டு மேசையில் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். காளானைப் பற்றிக் கேள்விப்பட்டு, "எதுவா இருந்தா என்ன மாமா, வதக்கிட்டா விஷமெல்லாம் போயிடும்" என்று மருத்துவ உலகம் அறியாத ஓர் உண்மையை அருளினார். அடுக்களையில் எண்ணெய் சடசடத்தது.

அப்போதுதான் செல்போன் மறுபடி அதிர்ந்தது. டீச்சர்தான். "ஒரு சந்தேகம் சார். மரத்தடிக் காளான் இவ்வளவு வழவழப்பா இருக்காது. இது எடுத்த படமேதானா, ஏதாவது திருத்தினீங்களா?" அதன் கீழே இன்னும் ஒரு வரி: "விஷக் காளான வேக வச்சாலும் விஷம் போகாது. சாப்பிட்டு ஆறு மணி நேரம் ஒண்ணும் தெரியாது. தெரியறப்ப ஈரல் போயிருக்கும்."

அந்தோ! இருபெரும் சேனைகள் ஒரு சிறு மார்புக்குள் மோதிய அக்கொடும்போரை எந்த நாவால் உரைப்பேன்! ஒருபுறம் மச்சினனின் ஈரல். மறுபுறம், 'நான் படத்தைத் திருத்துவதே இல்லை, முகத்தில் இருப்பதுதான் வரும்' என்று இருபத்தாறு ஆண்டுகள் வாடிக்கையாளர்களிடம் சாதித்த மானம். குரூப்பில் பாதிப் பேர் அவருடைய வாடிக்கையாளர்கள். ஈரல் ஓரடி முன்னேறும். மானம் ஈரடி தள்ளும். இவ்வாறு பத்து நிமிடம் போர் நடந்தது. இதில் ஒன்பது நிமிடம் மானமே முன்னணியில் இருந்தது என்பதை மச்சினன் இன்றுவரை அறியார். பத்தாம் நிமிடத்தில், அடுக்களையிலிருந்து வாணலி மேசைக்கு வந்து இறங்கும் ஓசை கேட்டது. பெருமான் கண்ணை மூடிக்கொண்டு, நானூறு பேர் பார்க்க, 'திருத்தினேன்' என்று ஒற்றைச் சொல்லைத் தட்டி, மருவும் வளையமுமாய்க் கிடந்த அசல் படத்தையும் அனுப்பினார்.

மறுமொழி மின்னலென வந்தது: "உடனே தூக்கி எறிங்க. யாராவது சாப்பிட்டீங்களா?"

பாய்ந்தார் வேந்தர்! அணையுடைத்த வெள்ளமெனக் கூடத்தைக் கடந்து, வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் இருந்த கரண்டியை மச்சினன் கையிலிருந்து பறித்து, கொதிக்கும் வாணலியை வெறுங்கையால் ஏந்தி, இரண்டு கொப்புளங்களை விழுப்புண்களாய் ஏற்று, கொல்லைக் கதவை உதைத்துத் திறந்து, அத்தனையையும் குழியில் கொட்டி மண்ணைத் தள்ளி மூடினார். திரும்பி வந்து, மார்பு விம்ம, முழங்கினார்:

"ஒரு உயிர காப்பாத்த என் பேரையே அழிச்சுட்டேன்."

மச்சினன் கண்கலங்கி மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அம்மையார் காலி வாணலியைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார், ரொட்டிப் பாக்கெட்டைப் பிரித்து மேசையில் வைத்தார்.

அந்தக் காளான்களை அம்மையார் காலை ஒன்பது மணிக்கே குப்பையில் போட்டுவிட்டிருந்தார். வாணலியில் இருந்தது வெங்காயம்.