பாதியில் நிற்க வேண்டிய சன்னல்

சன்னல் கதவு வெண்ணெயாய் வழுக்கிக்கொண்டு போய் மூடிக்கொண்டது.

"கட்!" என்று அலறினார் இயக்குநர். "என்னண்ணே இது, மூடுது?"

அரங்கம் அமைத்த தச்சருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "சன்னல்னா மூடத்தானே சார் செய்யும்?"

"இது மூடக்கூடாது. பாதியிலே சிக்கணும்!"

படப்பிடிப்புக் குழுவில் இயக்குநருக்கு 'கார்பன்' என்று பெயர். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. அவர் எடுக்கும் முதல் படமே ரீமேக். அதுவும் அவர் உயிரையே வைத்திருந்த ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தின் ரீமேக். "எந்த ரீமேக்குங்க அசலுக்குக் கிட்ட வந்திருக்கு? பேசாம விட்டுடுங்க" என்று மனைவிகூடச் சொல்லிப் பார்த்தாள். "ஒரு புள்ளி மாறாம எடுக்கிறேன் பார்" என்று கிளம்பி வந்தவர் அவர்.

அந்தப் படத்தின் உச்சமே சன்னல் காட்சிதான். கணவன் சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போகிறான். மனைவி சன்னலைச் சாத்த வருகிறாள். கதவு பாதியில் நின்றுவிடுகிறது. மிச்சமிருக்கும் இடைவெளியில் அவன் போகும் தெருவைப் பார்த்தபடி நிற்கிறாள். வசனம் கிடையாது. அவனை விடவும் மனமில்லை, வைத்துக்கொள்ளவும் மனமில்லை என்பதை ஒரு பாதிச் சன்னலில் சொன்ன மேதைமை! கார்பன் பெண் பார்க்கப் போன இடத்தில் பேசியதே இந்தச் சன்னலைப் பற்றித்தான். அதற்குப் பிறகும் அந்தப் பெண் அவரைக் கட்டிக்கொண்டது அவள் பெருந்தன்மை.

அன்றைக்கு அந்தக் காட்சியைப் பார்க்க, அசலை எடுத்த பெரியவரே வருவதாக இருந்தது. கார்பன் காலையிலிருந்து வாசலுக்கும் சன்னலுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

தச்சர் சன்னலின் கீழ்ச் சட்டத்தில் ஒரு கட்டையைச் செருகினார். நாயகி வந்து சாத்தினாள். கதவு சரியாகப் பாதியில் நின்றது. ஆனால் ஒட்டுப்பலகைச் சுவர் முழுவதும் திரைச்சீலை மாதிரி ஆடியது.

"சுவத்தைப் பின்னாலேர்ந்து பிடிங்கப்பா!"

இரண்டு பேர் முதுகு கொடுத்து நின்றார்கள். சுவர் ஆடவில்லை. கைப்பிடிதான் கழன்று நாயகியின் கையோடு வந்துவிட்டது. கேமராமேன் சிரிப்பை அடக்கியதில் கேமரா ஆடியது.

"கயிறு கட்டி இழுத்துப் பிடிச்சா கச்சிதமா நிக்கும் சார்" என்றார் தச்சர். கயிற்றைப் பிடித்தவர் கொஞ்சம் ஆர்வக்கோளாறு. ஒரே இழுப்பில் கதவு திரும்பி வந்து நாயகியின் நெற்றியில் 'ணங்'கென்று இடித்தது.

நெற்றி வீக்கத்தின் மேல் மேக்கப் அப்பப்பட்டது. கார்பனோ வேறு கவலையில் இருந்தார். "ஏம்மா, அசல்ல அவங்க இடது தோளைத்தான் லேசா இறக்குவாங்க. நீங்க வலது தோளை இறக்குறீங்க."

"சார், நான் அவங்க இல்லை."

"அதாம்மா பிரச்சினையே!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. நாயகி உதட்டைக் கடித்துக்கொண்டு தன் இடத்தில் போய் நின்றாள். மன்னிப்புக் கேட்கலாம் என்று அவர் வாயெடுத்த நேரத்தில் வாசலில் கார் வந்து நின்றது. பெரியவர், தன் மனைவியின் தோளைப் பிடித்தபடி உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஆக்ஷன்!" என்றார் கார்பன். குரல் பாதிதான் வந்தது.

நாயகி சன்னலுக்கு வந்தாள். சாத்தினாள். கட்டை தடுத்தது, கயிறு இழுத்தது, கதவு பாதியில் நின்றது.

அவள் தெருவைப் பார்த்தாள். நெற்றி வலியும் தோள் கணக்கும் இன்னும் என்னென்னவோவும் அந்தப் பார்வையில் திரண்டு வந்தன. இரண்டு கையாலும் கதவைப் பிடித்து ஒரே அறை! கட்டை தெறித்தது. கயிறு அறுந்து, சுவருக்குப் பின்னால் யாரோ தொப்பென்று விழுந்தார்கள். சன்னல் மூடிக்கொண்டது.

அறை இருண்டது. மூடிய கதவில் நெற்றியைச் சாய்த்து, முதுகு மட்டும் தெரிய அவள் நின்றாள். கை மெல்ல மேலே போய்த் தாழ்ப்பாளைப் போட்டது. அதே கை தாழ்ப்பாளை விட்டு இறங்காமல், திறக்கலாமா என்பது போல விரலால் தடவிக்கொண்டே இருந்தது. திறக்கவில்லை.

சிரித்த கேமராமேன் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கார்பனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவ்வளவு நேரமும் பழைய படம் அவர் நினைவுக்கே வரவில்லை. நினைவுக்கு வந்ததும் தலையில் கைவைத்துக்கொண்டார். சன்னல் மூடிவிட்டதே!

"கட்" சொல்லக்கூட மறந்து பெரியவரிடம் ஓடினார். "ஐயா, மன்னிச்சிடுங்க. உங்க சீனையே கெடுத்துட்டோம்."

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். எழுந்து நேரே நாயகியிடம் போய் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கார்பனைத் திரும்பியும் பார்க்காமல் காரை நோக்கி நடந்தார்.

கார்பன் அவர் மனைவியை மறித்தார். "அம்மா, கோவிச்சுக்கிட்டாரா? இன்னொரு டேக் போறேன்மா. பாதியிலேயே நிறுத்திக் காட்டுறேன்."

"ஐயையோ, அப்படியெல்லாம் பண்ணிடாதேப்பா!" என்று பதறினார் அந்த அம்மாள். "அறைஞ்சு சாத்தணும்னுதான் அவர் எழுதினதே. அன்னிக்கு அந்தப் பாழாப்போன சன்னல் பாதியிலே சிக்கிக்கிச்சு, மறுபடி எடுக்க ஃபிலிமும் இல்லாமப் போச்சு. அவர் எழுதின சீனை இன்னிக்குத்தான் முதல் தடவையா பார்க்கிறார்."