விதி எண் மூன்றும் ஒரு புதன்கிழமையும்

வீட்டையும் ஆபீஸ் மாதிரி நிர்வாகம் செய்வது என்று ஆறு மாதம் முன்பு சபதம் எடுத்தேன். எனக்கும் என் மனைவிக்கும் வாரத்தில் பாதி நாள் ஆபீஸ், பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை. இரண்டு பேருக்கும் சேர்த்துப் போனில் ஒரே காலண்டர் போட்டேன். விதிகள் எழுதினேன். விதி எண் மூன்று: 'இருவரும் ஒரே நாளில் வீட்டில் இருப்பது ஆள்பல விரயம்.'

படித்துவிட்டு, "சரிங்க" என்றாள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

அன்றிலிருந்து அவள் வீட்டில் என்றால் நான் ஆபீஸ். நான் வீட்டில் என்றால் அவள் ஆபீஸ். நாள் பூராவும் என் ஹெட்போனில் பன்னிரண்டு பேர் பேசுகிறார்கள். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்க ஓர் ஆள் இல்லை. ஒருநாள் பிரிட்ஜ் உறுமியபோது, "என்னம்மா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டபிறகு அழுகையே வந்துவிட்டது. ஆனால் விதியை எழுதியவனே போய், 'நீ இல்லாமல் கஷ்டமாக இருக்கிறது' என்று சொல்வதா? மானம் என்ன ஆவது?

ரகசியமாகத் திட்டம் போட்டேன். 'முகம் பார்த்துப் பேசினால்தான் குழு உருப்படும், அதற்கு வியாழன்தான் தோது' என்று மேனேஜரிடம் இரண்டு வாரம் மன்றாடி, எங்கள் குழு மொத்தமும் ஆபீஸ் வரும் நாளைப் புதனிலிருந்து வியாழனுக்கு மாற்றினேன். புதன், அவள் வீட்டில் இருக்கும் நாள். தற்செயல் போல நானும் இருப்பேன். சேர்ந்து சாப்பிடுவோம்.

புதன் காலை. கைப்பையோடு வாசலில் நிற்கிறாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"ஆபீஸுக்கு. நீங்கதான் இன்னிக்கு வீட்ல இருக்கீங்களே."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஆபீஸ்ல நாள் மாறினா வீட்டுக் காலண்டர்லயும் தானா மாறும்படி செஞ்சு வெச்சதே நீங்கதானே? வாஷிங் மெஷின் மெக்கானிக்கையும் இன்னிக்கே வரச் சொல்லிட்டேன்."

"ஒரு நாள் ரெண்டு பேரும் வீட்ல இருந்தா குடியா முழுகிடும்?"

"விதி எண் மூணுங்க." செருப்பை மாட்டியவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "நாள் மாத்தினதுக்கு வேற ஏதாவது காரணம் உண்டா?"

"சேச்சே! சுத்தமா ஆபீஸ் விஷயம்."

"அப்ப சரி." போய்விட்டாள்.

மெக்கானிக் வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வீட்ல யாரும் இல்லைங்களா சார்?" என்றார்.

"இல்லைங்க" என்றேன்.

அவரை அனுப்பிவிட்டு, 'வாஷிங் மெஷின் முடிந்தது' என்று குறிக்கக் காலண்டரைத் திறந்தேன். அதற்குக் கீழே, முந்தாநாளே அவள் எழுதி வைத்திருந்தாள்: 'வாயைத் திறந்து "இரு"ன்னு சொன்னா லீவு. சொல்லலைன்னா ஆபீஸ்.'