வாசலோடு நின்ற ஜோடி மாமா

கடலூர் மாவட்டத்தில் ஜோடி மாமா அளவுக்குச் சாமி வாசல்களைப் பார்த்தவர் யாரும் கிடையாது. அவர் அளவுக்குச் சாமியைப் பார்க்காமல் இருந்தவரும் யாரும் கிடையாது. பிள்ளைகளே, நான் ஏதோ உளறுகிறேன் என்று நினைக்காதீர்கள். இரண்டும் ஒரே ஆள்தான்.

நான் பொம்மை விற்கிறவன். எங்கே திருவிழாவோ அங்கே என் தள்ளுவண்டி. திருப்பாதிரிப்புலியூர் தேர், பரங்கிப்பேட்டை தர்கா கந்தூரி, கடலூர் மாதா கோயில் கொடியேற்றம், சிதம்பரம் ஆருத்ரா தரிசனம். நான் எவ்வளவு சீக்கிரம் போனாலும் எனக்கு முன்னால் வாசல் ஓரமாக ஒரு நீலத் தார்ப்பாய் விரித்திருக்கும். அதன் மேல் ஜோடி மாமா குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருப்பார். உள்ளே போகிறவர்களின் செருப்பைப் பார்த்துக்கொள்வதுதான் அவர் தொழில். ஒரு தகர டோக்கனைச் செருப்பில் கட்டுவார். அதே எண் போட்ட இன்னொன்றை உங்கள் கையில் கொடுப்பார்.

எனக்கும் ஓர் இடத்தில் பத்து நிமிஷம் நிற்க முடியாது. கூட்டம் வலப்பக்கம் போனால் வண்டியை வலப்பக்கம் தள்ளுவேன், இடப்பக்கம் போனால் இடப்பக்கம். போன பிறகு, பழைய இடமே தேவலை என்று தோன்றும். ஜோடி மாமாவுக்கும் அதே வியாதிதான். ஆனால் அவர் அலைச்சல் முழுக்க அந்தத் தார்ப்பாய்க்குள்ளேயே நடக்கும்.

அவருடைய பெயர் யாருக்கும் தெரியாது. கோயில் வாசலில் "சாமி" என்று கூப்பிடுவார்கள், பள்ளிவாசலில் "பாய்" என்பார்கள், மாதா கோயிலில் யாரோ ஒரு தடவை "அந்தோணி" என்று கூப்பிட்டு அதுவே நிலைத்துவிட்டது. எல்லாவற்றுக்கும் "ஆங், இன்னா?" என்று திரும்புவார். எங்களைப் போன்ற திருவிழாக் கடைக்காரர்களுக்கு அவர் ஜோடி மாமா. ஒற்றைச் செருப்பு கண்ணில் பட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அதனால் வந்த பேர்.

இதில் வேடிக்கை என்னவென்றால் அவர் காலில் செருப்பே கிடையாது. சித்திரை வெயிலில் தார் உருகும்போதும் வெறுங்கால்தான்.

"ஏன் மாமா, ஊர் செருப்பெல்லாம் உங்கிட்ட இருக்கு. உனக்கு ஒண்ணு இல்லியா?" என்று கேட்டேன்.

"எல்லாரும் வாசல்ல வந்துதான கழட்டுறாங்க? நான் வந்ததுலேந்தே வாசல்ல நிக்கிறன். எப்ப மச்சான் போடுறது?"

செருப்பை வைப்பதிலும் அவருக்குச் சட்டம் உண்டு. கோயிலில் செருப்பின் மூக்கு கோபுரத்தைப் பார்க்க வேண்டும். பள்ளிவாசலில் தெருவைப் பார்க்க வேண்டும். "ஏன் அங்க மட்டும் திருப்பி?" என்றால், "கோயில்ல ஒவ்வொருத்தரா வருவாங்க, நிதானமா எடுத்துக் குடுக்கலாம். பெருநாள் தொழுக முடிஞ்சா ஒரே நிமிஷத்துல ஐந்நூறு காலு வெளிய வரும் மச்சான். கால நொழச்சிட்டுப் போயிக்கினே இருக்கணும்" என்பார். பரங்கிப்பேட்டையில் பாதிப் பேர் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள், எல்லோரும் ஒரே மாதிரிக் கறுப்புச் செருப்பு. ஒரு பெருநாளன்று டோக்கன் தீர்ந்துபோய், ஒவ்வொரு செருப்பையும் முகர்ந்து பார்த்து, "இது அத்தர் பாய், இது மீன்கடை பாய்" என்று பிரித்துக் கொடுத்தார். ஒன்றுகூட மாறவில்லை.

மாதா கோயிலில்தான் அவர் தவித்துப்போவார். அங்கே சிலர் கழற்றிவிட்டுப் போவார்கள், சிலர் ஷூவோடேயே போவார்கள். ஜோடி மாமா நேராகப் பங்குத்தந்தையிடம் போய்விட்டார்.

"சாமி, செருப்போட உள்ள போறாங்களே, நீங்க கேக்க மாட்டீங்களா?"

"போகலாம்பா, தப்பில்ல."

"அப்ப எனக்கு இங்க இன்னா வேல?"

அந்தச் சாமியாரும் லேசுப்பட்டவர் இல்லை. "அத நீ மாதாகிட்டதான் கேக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மாமா அன்று முழுக்க வாசலையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் என் வண்டிக்கு ஓடி வந்தார். "கண்டுபுடிச்சிட்டன் மச்சான்! இங்க தலையில இருக்குறதக் கழட்டுறாங்க!" அடுத்த திருவிழாவுக்குத் தொப்பியும் ஹெல்மெட்டும் மாட்ட ஒரு கம்பி கட்டியிருந்தார். "ஒரு எடத்துல தலையில போடணும், ஒரு எடத்துல தலையிலேந்து எடுக்கணும். செதம்பரத்துல சாமிகிட்டப் போனா ஆம்பளைங்க சட்டையவும் கழட்டணுமாம். எங்க போனாலும் போன மாதிரியே உள்ள போவ முடியாது, பாத்துக்க." இதைச் சொல்லும்போதே ஓர் ஆள் பக்கத்து ஏடிஎம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். மாமா ஓடிப் போய் அதற்கும் காவல் நின்றார்.

உள்ளே போய் வருகிறவர்களை அவர் சும்மா விட மாட்டார். டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு, "உள்ள இன்னா இருந்துச்சு?" என்று கேட்பார். பதில் சொன்னால்தான் செருப்பு.

பள்ளிவாசலில் அத்தர் பாய் சொன்னார்: "ஒண்ணும் இல்லப்பா. செவுரு. செவுத்தப் பாத்து நிப்போம்."

"வெறும் செவுத்துக்கா பாய் இத்தினி செருப்பு?"

"செவுத்துக்கு இல்லப்பா. செவுத்துக்கு அந்தாண்ட."

சிதம்பரத்தில் ஓர் அம்மா சொன்னார்: "ரகசியம் பாத்தேன். திரைய வெலக்குனாங்க. உள்ள ஒண்ணும் இல்ல, வெறும் எடம். தங்க வில்வ எல தொங்குது."

மாமாவுக்கு அன்றைக்கு இருப்புக் கொள்ளவில்லை. "அங்க செவுரு, இங்க தெரை. ரெண்டு எடத்துலயும் ஒண்ணும் இல்லங்கிறாங்க. ஆனா வரும்போது மூஞ்சி மட்டும் சும்மா பளபளன்னு இருக்குது. அப்பிடி இன்னாதான் மச்சான் பாக்குறாங்க?"

"நீயே ஒரு நட போயிப் பாத்துட்டு வாயேன்."

"நான் போனா செருப்ப யாரு பாக்குறது?"

இருபது வருஷமாக அதே பதில்தான்.

சிதம்பரத்தில் அவருக்கு ஒரு நிரந்தரத் தலைவலி இருந்தது. அந்தக் கோயிலுக்கு நாலு பக்கமும் கோபுரம். கிழக்கே கழற்றிவிட்டு மேற்கே வெளியே வந்து, சுடுகிற தெருவில் தாண்டவம் ஆடிக்கொண்டே சுற்றி வருகிறவர்கள் தினமும் உண்டு. சிலர் வராமலேயே ஊருக்குப் போய்விடுவார்கள். அப்படி ஒரு பழுப்புத் தோல் செருப்பு மூன்று மாதம் கிடந்தது. மாமா அதைத் தினமும் துடைத்து, கோபுரத்தைப் பார்க்க வைப்பார்.

"மாமா, அந்தாளு எப்பவோ பஸ் ஏறிட்டிருப்பாரு."

"செருப்பு இருந்தா ஆளு உள்ளதான் இருக்காரு."

"மூணு மாசமா உள்ள இன்னா பண்றாரு?"

"பெரிய கோயிலு மச்சான். மெதுவாப் பாக்குறாரு."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன். அந்த ஆருத்ரா தரிசனம் வரைக்கும்.

அப்போது என் மகள் யாழினிக்கு ஆறு வயது. அவளையும் என் மனைவி செல்வியையும் அழைத்துக்கொண்டு சிதம்பரம் போயிருந்தேன். கீழ சன்னதித் தெருவில் மாமாவின் தார்ப்பாய்க்குப் பக்கத்தில் என் வண்டி. யாழினிக்குப் பட்டாம்பூச்சி வைத்த புதுச் செருப்பு. அவள் கழற்றும்போதே மாமா பார்த்துவிட்டார்.

"ஐய, பாப்பாவப் புதுச் செருப்பு கடிச்சிருக்குது பாரு!" எங்கிருந்தோ மஞ்சள் பொடியைக் குழைத்து வந்து அவள் வலது குதிகாலில் அப்பினார். "வாருக்குத் தேங்கா எண்ண தடவும்மா செல்வி. இல்லன்னா நாளைக்கும் கடிக்கும்."

அம்மாவும் மகளும் உள்ளே போனார்கள். ஒரு மணி நேரம் கழித்துச் செல்வி மட்டும் வந்தாள். தலைமுடி கலைந்திருந்தது.

"பாப்பா இங்க வந்தாளா?"

கூட்டம் நெருக்கியதில் கை விட்டுப்போயிருக்கிறது. வண்டியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். எங்கே பார்த்தாலும் தலைகள். எந்தச் சின்னப் பெண்ணைப் பார்த்தாலும் யாழினி மாதிரியே இருந்தது, கிட்டே போனால் இல்லை. காவலர் ஒருவர் மைக்கில் பெயரைச் சொல்லச் சொன்னார். சொல்லிக்கொண்டே இருந்தார்கள். உள்ளே பெரிய குளம் ஒன்று இருக்கிறது, உங்களுக்குத் தெரியும். அதன் படிக்கட்டுப் பக்கம் போகவே எனக்குக் கால் வரவில்லை. மறுபடி வாசலுக்கே ஓடி வந்தேன்.

ஜோடி மாமா முதல்முறையாக அசையாமல் நின்றிருந்தார். கையில் பட்டாம்பூச்சிச் செருப்பு.

"இது இங்க இருக்குது. பாப்பா உள்ளதான் இருக்குது" என்றார்.

"உன் பைத்தியத்த இப்பவும் ஆரம்பிக்காத மாமா! நாலு வாசல் இருக்கு!"

"நீ மூஞ்சியத் தேடுற மச்சான். இந்தக் கூட்டத்துல மூஞ்சி ஆப்புடாது." செருப்பைச் செல்வியின் மடியில் வைத்தார். டோக்கன் பையைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினார். "ஒரு ஜோடிகூட மாறக் கூடாது" என்று சொல்லிவிட்டு, இருபது வருஷமாகத் தாண்டாத வாசலைத் தாண்டி விறுவிறுவென்று போய்விட்டார். கழற்றுவதற்குத்தான் அவர் காலில் ஒன்றும் இல்லையே.

அந்த முக்கால் மணி நேரத்தை நான் எப்படிச் சொல்வேன்? போனவர்கள் எல்லாம் வெளியே வர ஆரம்பித்தார்கள். என் கண் வாசலில் இருந்தது, கை செருப்பில் இருந்தது. பதினேழுக்கு எழுபத்தொன்றைக் கொடுத்தேன். ஒரு வாத்தியாருக்குப் பெண்கள் செருப்பை நீட்டினேன். "யோவ், குதிகால் வச்சதக் குடுக்குற, கண்ணு தெரியலியா?" என்று கத்தினார். என் வண்டியில் பலூன் ஒன்று வெடித்தது. செல்வி அலறிவிட்டாள். அவள் அந்தக் குட்டிச் செருப்பு இரண்டையும் சேர்த்துச் சேர்த்து வைத்துக்கொண்டே இருந்தாள், மூக்கு கோபுரத்தைப் பார்க்கும்படி.

பிறகு அவர் வந்தார். குனிந்த தலை குனிந்தபடி. தோளில் யாழினி, அவள் கையில் பாதி தின்ற பொரி உருண்டை.

செல்வி பாய்ந்து பிள்ளையை வாங்கினாள். நான் வாயைத் திறப்பதற்குள் மாமா தார்ப்பாயைப் பார்த்துவிட்டார்.

"அட பாவி மச்சான்! இது இன்னா, எல்லாத்தையும் கலச்சி வச்சிருக்குற!"

நான் அழுதுகொண்டே சிரித்தேன். "எங்க இருந்தா மாமா?"

"கொளத்தோரம் மண்டபத்துல, ஒரு தூணுக்குப் பின்னால ஒக்காந்து பொரி உருண்ட தின்னுக்கினு இருந்துச்சு. நான் காலையே பாத்துக்கினு போனேன். எத்தினி காலு தெரியுமா! வெடிச்ச காலு, மெட்டி போட்ட காலு, மருதாணிக் காலு. கடசியா மஞ்ச வச்ச குதிகாலு ஒண்ணு தூணுக்கு இந்தாண்ட நீட்டிக்கினு இருந்துச்சு."

அதற்குள் பூக்காரர், டீக்கடைக்காரர் எல்லோரும் கூடிவிட்டார்கள். இருபது வருஷமாக அவர் எல்லோரையும் கேட்ட கேள்வியை இப்போது எல்லோரும் சேர்ந்து அவரைக் கேட்டார்கள். "ஜோடி, உள்ள இன்னா இருந்துச்சு?"

மாமா திருதிருவென்று விழித்தார். "தெரியலியே. நான் எங்க நிமுந்து பாத்தேன்?"

"அடப்பாவி, சாமி கிட்டயே போயிருப்பியே!"

"போயிருப்பன்" என்றார். பிறகு யாழினியின் காலைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு இது போதும்" என்று சொல்லிவிட்டு, இன்னும் வெறுங்காலோடு நின்றிருந்த வாத்தியாரின் செருப்பைத் தேடப் போய்விட்டார்.

அடுத்த வாரம் செல்வி அவருக்குப் பச்சை வார் போட்ட செருப்பு ஒன்று வாங்கிக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டார், காலில் போடவில்லை. ஒன்றாம் எண் டோக்கனைக் கட்டி, தார்ப்பாயில் முதல் இடத்தில் வைத்தார். எந்த வாசலுக்குப் போனாலும் அந்தச் செருப்பும் கூடவே போனது.

இந்த வருஷம் ஆருத்ராவுக்கு ஜோடி மாமா வரவில்லை. அதற்கு முந்தைய கந்தூரிக்கும் வரவில்லை. போன் அணைந்து கிடக்கிறது. நாகூரில் பார்த்ததாக ஒருவர் சொன்னார். உடம்பு முடியாமல் ஆஸ்பத்திரியில் இருந்தார், பிறகு தெரியாது என்று இன்னொருவர் சொன்னார். டீக்கடைக்காரர்தான் ஒரு சாக்குப் பையை எடுத்துக் கொடுத்தார். "போன தடவ குடுத்துட்டுப் போனாருப்பா, வந்து எடுத்துக்கறேன்னு." உள்ளே மடித்த நீலத் தார்ப்பாய். அதற்குள் பச்சை வார் செருப்பு, மண் படாமல்.

யாழினி இப்போது ஒன்பதாவது படிக்கிறாள். அன்றைக்கு அவளும் என்னோடு வந்திருந்தாள். தார்ப்பாயைப் பழைய இடத்தில் விரித்தாள். செருப்பைத் துப்பட்டாவால் துடைத்து, ஜோடி சேர்த்து, கோபுரத்தைப் பார்க்க வைத்தாள்.

"யாழினி, மாமா எங்க இருக்காருன்னே தெரியலம்மா" என்றேன்.

"செருப்பு இங்கதானப்பா இருக்குது" என்றாள். "பெரிய கோயிலுப்பா. மெதுவாப் பாக்குறாரு."

கூட்டம் தெற்கு வாசல் பக்கம் திரும்பியது. பக்கத்து பலூன்காரர்கள் எல்லோரும் ஓடினார்கள். நான் அன்றைக்கு வண்டியை நகர்த்தவே இல்லை.