ஒரு தட்டு போதும்

உலகத்தில் மகத்தான சாதனைகள் இரண்டே வகை. இல்லாததை உண்டாக்குவது ஒன்று. இருப்பதை இல்லாமல் ஆக்குவது இன்னொன்று. முதலாவதைக் கொத்தனார், குயவர், கோழி என்று யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். இரண்டாவதற்கு ஒரு நிர்வாகம் வேண்டும். அப்படியொரு நிர்வாகத்தின் கீழ் பத்தொன்பது வருஷம் வேலை பார்க்கக் கொடுத்து வைத்தவர்தான் தட்டண்ணன்.

மூன்று மாடிப் பேரங்காடியில் சினிமாப் பட டிவிடிகள் விற்கும் பிரிவுக்கு அவர் பொறுப்பாளர். டிவிடியைக் கடையில் எல்லோரும் 'தட்டு' என்றே சொல்வார்கள். அதனால் அவர் தட்டண்ணன். தட்டுகளை அடுக்கி வைக்கிற அலமாரிப் பலகைக்கும் தட்டு என்றுதான் பெயர். இரண்டும் ஏராளமாக இருந்தவரை யாருக்கும் ஒரு குழப்பமும் வரவில்லை.

ஒரு காலத்தில் கடைக்குள் நுழைந்ததுமே அவருடைய பிரிவுதான். நாற்பது பலகை, ஐந்து ஆட்கள். பணியாளர் விதி ஏழு தெளிவாகச் சொல்கிறது: 'எட்டுத் தட்டுக்கு ஓர் ஆள்.' பிறகு ஜனங்கள் போனிலேயே படம் பார்க்கிறார்கள் என்பதை நிர்வாகம் கண்டுபிடித்தது. விற்பனை குறையலாம் என்று தொலைநோக்கோடு யூகித்து, குறைவதற்கு முன்பே பலகைகளைக் குறைத்தது. யூகம் அச்சுப் பிசகாமல் பலித்தது. உற்சாகமடைந்த நிர்வாகம் பிரிவை இரண்டாம் மாடிக்கு ஏற்றியது; அங்கும் பலித்தது. இப்போது மூன்றாம் மாடியில், குளிர்சாதனப் பெட்டிகளையெல்லாம் தாண்டி, கழிப்பறையை ஒட்டினாற்போல எட்டே பலகை. தட்டண்ணன் மட்டும். விதிப்படி ஒரு முழு ஆள்.

கழிப்பறைக்குப் போய்விட்டு வருகிறவர்கள் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே ஒரு படத்தை எடுத்துப் பார்ப்பார்கள். சிலர் வாங்கவும் செய்தார்கள். இது நிர்வாகத்துக்கு உறுத்தலாக இருந்தது. உடனே ஒரு 'ஆய்வுக் கூட்டம்' கூடியது. பொது மேலாளர் நடுவில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மடிக்கணினியோடு ஆலோசகர். எதிரே தட்டண்ணன் நின்றிருந்தார். நாற்காலிகள் இருந்தன; உட்காரச் சொல்லத்தான் ஆளில்லை.

"போன வருஷத்துல பாதிதான் வித்திருக்கு" என்றார் ஆலோசகர்.

"போன வருஷம் ரெண்டாவது மாடியில இருந்தோம் சார். இப்ப கழிப்பறைக்குப் பக்கத்துல இருக்கோம். அம்புக்குறி போட்ட போர்டுகூட கழிப்பறைக்குத்தான் இருக்கு, எங்களுக்கு இல்ல."

"பாத்தீங்களா! வாடிக்கையாளர் எதைத் தேடுறாங்கன்னு அம்புக்குறியே சொல்லுது."

பொது மேலாளர் இதைக் குறித்துக்கொண்டார்.

"ஒரே ஒரு வாரம் கீழ வாசல்கிட்ட வெச்சுப் பாருங்க சார். வித்துக் காட்டறேன்."

ஆலோசகர் திடுக்கிட்டார். "வித்துட்டா? எங்க அறிக்கை தப்பாயிடாதா?"

நியாயமான கவலைதான். நூற்று முப்பது பக்க அறிக்கை. தடித்த அட்டை வேறு.

தட்டண்ணன் வீட்டை நினைத்துக்கொண்டார். மகள் கல்லூரியில் கடைசி வருஷம். மனைவி வீட்டிலிருந்தபடி தையல் மெஷினை மிதித்துத் தேய்கிறாள். ஐம்பத்திரண்டு வயதுக்காரரை இனிமேல் எந்தக் கடை கூப்பிட்டுச் சேர்த்துக்கொள்ளும்? பயமாக இருந்தது, வெறும் பயம்தான், வேறொன்றுமில்லை.

மறுநாள் காலை 'இடச் செம்மையாக்கல் ஆணை' வந்தது. சுருக்கமான ஆணை: 'இனி ஒரு தட்டு போதும். மீதித் தட்டுகள் இன்றே அகற்றப்பட வேண்டும்.' எல்லாப் பிரிவுகளுக்கும் நகல் போனது.

முதலில் நிறைவேற்றியவர் கேன்டீன்காரர். மேலிடத்து உத்தரவென்றால் ஏன் எதற்கு என்று கேட்காத மனிதர். சாப்பாட்டுத் தட்டுகளையெல்லாம் மூட்டை கட்டிப் பரண்மேல் ஏற்றிவிட்டு, ஒரே ஒரு தட்டை மேஜைமேல் வைத்தார். மத்தியானம் அந்த ஒரு தட்டுக்காக நின்ற வரிசை படிக்கட்டு வரை போயிற்று. பொது மேலாளர் வீட்டிலிருந்து டப்பா கொண்டுவருகிறவர் ஆதலால், பணியாளர்களின் ஒழுங்கைக் கண்டு பெருமைப்பட்டுக்கொண்டு நடந்தார். கேன்டீன்காரருக்கு, 'ஆணையைத் தவறாகப் புரிந்துகொண்டதற்காக' மெமோ கிடைத்தது.

தட்டண்ணன் மனைவிக்குப் போன் போட்டு ஆணையைப் படித்துக் காட்டினார். "ஒரே பலகைங்கறான். ஒரு பலகைக்கு ஏது முழு ஆளு? என் கதை முடிஞ்சுது."

"ஏங்க, இன்னொரு தடவை படிங்க. பலகைன்னு எங்க போட்டிருக்கு? தட்டுன்னுதானே போட்டிருக்கு? படத்தையெல்லாம் எடுத்துட்டு ஒண்ணே ஒண்ணை வையுங்க. பலகை எட்டும் இருந்தா ஆளும் இருக்கலாம்ல?"

தைக்கிறவள் கண்ணுக்குத்தான் இப்படிப்பட்ட விட்டுப்போன தையல் தெரியும். தட்டண்ணன் படங்களையெல்லாம் அட்டைப் பெட்டிகளில் போட்டுக் கிடங்குக்கு அனுப்பினார். எட்டுப் பலகையையும் பளிச்சென்று துடைத்தார். நடுப் பலகையின் நடுவில், பழைய குடும்பச் சினிமா ஒன்றின் டிவிடியை நிமிர்த்தி வைத்தார். 'ஆணை நிறைவேற்றப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

பொது மேலாளரும் ஆலோசகரும் பார்வையிட வந்தார்கள்.

"பலகை எட்டும் அப்படியே இருக்கே?" என்றார் பொது மேலாளர்.

"ஆணையில தட்டுன்னு இருந்துது சார். தட்டுன்னா படம். ஒண்ணுதான் வெச்சிருக்கேன்."

இருவரும் ஓரமாகப் போய்க் குசுகுசுத்தார்கள். திரும்பி வந்தபோது பொது மேலாளர் முகத்தில் அருள் வழிந்தது. "ஒத்துக்கறோம். தட்டுன்னா படம்தான். அதை எழுதிக் குடுங்க."

தட்டண்ணன் சந்தோஷமாக எழுதிக் கொடுத்தார்.

"விதி ஏழு என்ன சொல்லுது? எட்டு தட்டுக்கு ஓர் ஆள். தட்டுன்னா படம். இப்ப எத்தனை படம் இருக்கு?" என்று கேட்டார் பொது மேலாளர்.

"ஒண்ணு சார்..." சொல்லும்போதே கணக்கு எங்கே போகிறது என்று தட்டண்ணனுக்குப் புரிந்துவிட்டது.

ஆலோசகர் கணினியைத் திறந்து, "பூஜ்யம் புள்ளி ஒண்ணு ரெண்டு அஞ்சு" என்றார். பொது மேலாளர் பழைய வாய்ப்பாடு படித்தவர், எட்டில் ஒரு பங்கை ருசித்துச் சொன்னார்: "அரைக்கால்! இன்னையிலேருந்து நீங்க அரைக்கால் ஆள்."

"மீதி ஆள் என்ன சார் பண்றது?"

"அவர் தாராளமா வீட்டுக்குப் போகலாம்."

எட்டு மணி நேர வேலை ஒரு மணி நேரமாயிற்று. பத்துக்கு வந்து பதினொன்றுக்குக் கிளம்ப வேண்டும்; சம்பளமும் அந்த அளவுக்குத்தான். வாசல் காவலாளி விடுவாரா? "என்ன தட்டண்ணே, ரெண்டு காலும் உள்ள போகுது? அரைக்கால் போதுமே!" என்றார். தட்டண்ணனும் சிரித்தார். சிரிக்காமல் என்ன செய்வது?

நாலாம் நாள் பத்தேமுக்காலுக்கு, கழிப்பறையிலிருந்து வந்த ஒரு பெண் அலமாரி முன்னால் அப்படியே நின்றுவிட்டார்.

"ஐயோ, இந்தப் படம்தான்! எங்கப்பா ஆஸ்பத்திரியிலேருந்து வந்து படுத்திருக்காருங்க. இதைத்தான் பாக்கணும்னு சொல்லிட்டே இருக்கார். போன்ல காசு கட்டி வாங்கி வெச்சிருந்தேன். இப்பத் தேடினா 'இந்தப் படம் தற்போது இல்லை'ன்னு வருது. காசு குடுத்து வாங்கினது எப்படிங்க இல்லாமப் போகும்?"

தட்டண்ணன் கணக்குப் போட்டார். விற்றுவிட்டால் தட்டு பூஜ்யம், ஆளும் பூஜ்யம். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக, ஒரு விற்பனையாளர் சொல்லக் கூடாததைச் சொன்னார்: "இது விக்கறதுக்கு இல்லம்மா."

"அப்ப எதுக்குங்க கடையில வெச்சிருக்கீங்க?"

"இதுதாம்மா என் வேலை. இது போச்சுன்னா வேலை போச்சு."

"விக்கறதுதானே உங்க வேலை?" அந்த அம்மாள் குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

தட்டண்ணனுக்கு வெட்கமாகிவிட்டது. எட்டுப் பலகையையும் ஒருமுறை பார்த்தார். பிறகு படத்தை எடுத்து, தூசி துடைத்து, பில் போட்டு, பையில் போட்டுக் கொடுத்தார். "ஓரத்தைப் பிடிச்சு எடுங்கம்மா, நடுவுல விரல் படக் கூடாது. கீறல் விழுந்தா நின்னு நின்னு ஓடும். அப்பாவைப் பாத்துக்கங்க." இருந்த ஒரு தட்டும் போயிற்று. ஆனாலும் அன்றைக்குத்தான் முழு ஆளாக வீட்டுக்குப் போனதுபோல் இருந்தது.

நிர்வாகத்தின் மகிழ்ச்சிக்கு அளவில்லை. இருந்த சரக்கு நூற்றுக்கு நூறு விற்றுத் தீர்ந்துவிட்டதல்லவா! 'பிரிவு தன் இலக்கை எய்தி நிறைவு பெற்றது' என்று அறிக்கையில் நூற்று முப்பத்தோராம் பக்கம் சேர்ந்தது. தட்டண்ணனுக்கு, எட்டுக் காலிப் பலகைகளின் முன்னிலையில், பாராட்டு விழா. பணியாளர்கள் எல்லோரும் கூடியிருந்தார்கள். கடைசி வரிசையில் கேன்டீன்காரரும் நின்றார். பொது மேலாளர் அரைமணி நேரம் பேசிவிட்டு, வெள்ளி நிறத்தில் ஒரு நினைவுத் தட்டை நீட்டினார். 'தட்டுகளைக் குறைத்த தன்னலமற்ற தொண்டுக்கு' என்று பொறித்திருந்தது. கைதட்டல்.

"ரெண்டு வார்த்தை பேசுங்க" என்றார் ஆலோசகர்.

தட்டண்ணன் தட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"அந்த ஆணையில போட்டிருந்தது எந்தத் தட்டுன்னு நாம எவ்வளவு அடிச்சுக்கிட்டோம், இல்ல சார்? நீங்க பலகைன்னீங்க. நான் படம்னேன். ரெண்டு பேருமே தப்பு." கடைசி வரிசையைக் கை காட்டினார். "கேன்டீன்காரருக்குக் குடுத்த மெமோவைத் திருப்பி வாங்கிக்கங்க. இந்தக் கடையிலயே அவர் ஒருத்தர்தான் உங்க ஆணையைச் சரியாப் புரிஞ்சுக்கிட்டவர்."